18650பிஎஃப்: ஒரே ஒரு செல்லை வைத்து பேட்டரியின் மிச்சக் கணக்கைக் கற்ற ஆய்வு

மின்வண்டியின் திரையில் 42 சதவீதம் என்று காட்டும் எண்ணை எந்தச் சென்சாரும் நேரடியாக அளந்து சொல்வதில்லை. பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவை ஏறி இறங்கும், அதற்கேற்ப முள் நகரும். பேட்டரிக்குள் அப்படி எட்டிப் பார்க்க வழி கிடையாது. வெளியே இருந்து அளக்கக் கிடைப்பவை மூன்றுதான்: வோல்டேஜ், கரண்ட், வெப்பநிலை. இந்த மூன்றை வைத்து உள்ளே சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டுச் சொல்வது வண்டியின் பேட்டரி மேலாண்மை அமைப்பின், அதாவது பிஎம்எஸ்ஸின் வேலை. அந்த மிச்ச சார்ஜின் சதவீதத்தைத் துறையில் எஸ்ஓசி என்பார்கள்.

இந்தக் கணக்கை இயற்பியல் சமன்பாடு எதுவும் இல்லாமல், தரவை மட்டும் பார்த்து ஒரு நியூரல் நெட்வொர்க், அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரல், கற்றுக்கொள்ள முடியுமா? கனடாவின் ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஃப்ரைம் செமாலி, ஃபிலிப் கோல்மேயர், அலி எமாடி உள்ளிட்டோர் 2018-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் முடியும் என்று காட்டின. அவர்கள் பயன்படுத்திய தரவு 18650பிஎஃப் என்ற ஒரே ஒரு பேனசோனிக் உருளை லித்தியம் அயன் செல்லிலிருந்து வந்தது. அதை கோல்மேயர் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் சோதித்துச் சேகரித்திருந்தார். பிறகு அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மெண்டலே டேட்டா தளத்தில் வைத்துவிட்டார். இன்றைக்கு இந்தத் துறையில் படிப்பை ஆரம்பிக்கும் மாணவர்களில் நிறையப் பேர் தொடும் முதல் தரவு அதுதான்.

இந்த ஆய்வை விரிவாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அதன் முடிவில் வந்த பிழை சதவீதத்தைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த எண்ணை எதோடு ஒப்பிட்டு எடுத்தார்கள், எந்த எல்லைக்குள் அது செல்லுபடியாகும் என்பதைப் பற்றிப் பேச்சு குறைவு. என் பார்வையில் இந்த ஆய்வின் பலமும் வரம்பும் நெட்வொர்க்கில் இல்லை, சோதனைக்கூடத்தில் இருக்கின்றன.

பழைய வழிகள் எங்கே சறுக்குகின்றன

முதல் வழி வோல்டேஜ். முழுதாக சார்ஜ் ஆன 18650பிஎஃப் செல்லில் 4.2 வோல்ட் இருக்கும். காலியானால் 2.5 வோல்ட். நடுவில் எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு சார்ஜ் என்று ஒரு அட்டவணை போட்டுவிடலாம். ஆனால் அந்த அட்டவணை செல் நெடுநேரம் ஓய்வில் இருக்கும்போதுதான் சரி. செல்லின் உள்தடை 40 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் இழுத்த உடனே 0.2 வோல்ட் கீழே போகும். இந்த வகைச் செல்லில் 0.2 வோல்ட் என்பது நடுப்பகுதியில் சுமார் 20 சதவீத சார்ஜுக்குச் சமம். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் 60, விட்டால் 80 என்று திரை குதித்துக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்? தடையை மட்டும் கழித்துவிட்டாலும் போதாது. கரண்ட்டை நிறுத்திய பிறகும் வோல்டேஜ் பல நிமிடங்களுக்கு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் உள்ளே லித்தியம் அயனிகள் இன்னும் பரவிச் சமநிலைக்கு வந்துகொண்டிருக்கும். இந்தப் பரவல் குளிரில் இன்னும் மந்தமாகும்.

இரண்டாவது வழி கூலும் கவுண்டிங். உள்ளே போகும் கரண்ட்டைக் கூட்டி, வெளியே வருவதைக் கழித்து, வரவு செலவு எழுதுவது. குறுகிய நேரத்துக்கு இது மிக நல்ல முறை. சிக்கல் சென்சாரில் வரும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் கரண்ட் சென்சார் எப்போதும் அரை ஆம்பியர் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்றால், 10 மணி நேரத்தில் 5 ஆம்பியர்-மணி பிசகும். அதாவது 5 சதவீதம். இந்தப் பிசகு தானாகச் சரியாகாது, சேர்ந்துகொண்டே போகும். ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால் முதல் வரியே தப்பு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிணைப்பதுதான் கால்மன் ஃபில்டர். கிரெகரி பிளெட் 2004-இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகு பேட்டரித் துறையில் இது பெரிதும் பரவியது. செல்லை ஒரு வோல்டேஜ் மூலம், சில தடைகள், சில கெப்பாசிட்டர்கள் கொண்ட சிறு சர்க்யூட்டாக எண்ணிக்கொண்டு, அந்த சர்க்யூட் சொல்லும் வோல்டேஜுக்கும் அளந்த வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எஸ்ஓசி கணக்கைத் திருத்திக்கொண்டே போகும். நல்ல முறை, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் முறை. அதற்கு உழைப்பு அதிகம். ஒவ்வொரு வெப்பநிலையிலும், ஒவ்வொரு சார்ஜ் நிலையிலும் அந்தத் தடைகளும் கெப்பாசிட்டர்களும் மாறும். எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்து அட்டவணை போட வேண்டும். செல் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

மெக்மாஸ்டர் குழு கேட்டது இதைத்தான்: அட்டவணையும் வேண்டாம், சர்க்யூட் மாதிரியும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம், ஒரே நெட்வொர்க் எல்லா வெப்பநிலைக்கும் பதில் சொல்லுமா?

மேடிசனில் நடந்த சோதனை

புத்தம் புதிய 2.9 ஆம்பியர்-மணி செல் ஒன்றை எடுத்து, 8 கன அடி கொள்ளளவுள்ள வெப்ப அறைக்குள் வைத்தார்கள். அறை என்றால் ஆள் நுழையும் அறை இல்லை. 8 கன அடி என்பது சுமார் 226 லிட்டர், வீட்டில் இருக்கும் நடுத்தர ஃபிரிட்ஜ் அளவுதான். அதில் 25, 10, 0, மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்று ஐந்து வெப்பநிலைகள். செல்லோடு டிஜட்ரான் நிறுவனத்தின் பேட்டரி சோதனைக் கருவி இணைக்கப்பட்டது. 25 ஆம்பியர், 18 வோல்ட் வரை கையாளும் சேனல், அளவுத் துல்லியம் முழு அளவில் 0.1 சதவீதம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செல்லிலிருந்து எப்படிக் கரண்ட் இழுப்பது என்பதில்தான் சோதனையின் அழகு. சீராக ஒரே கரண்ட் இழுத்தால் நெட்வொர்க் கற்க ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு கற்பனை வண்டியை எடுத்துக்கொண்டார்கள்: 35 கிலோவாட்-மணி பேட்டரி பொருத்திய மின்சார ஃபோர்டு எஃப்150 லாரி. அந்த லாரியை அமெரிக்காவில் வண்டிகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் ஓட்டச் சுழற்சிகளில் ஓட்டினால் நொடிக்கு நொடி எவ்வளவு பவர் தேவைப்படும் என்று கணக்கிட்டு, அதை ஒரு செல்லுக்குரிய பங்காகக் குறைத்தார்கள். இந்தச் செல்லில் சுமார் 10.4 வாட்-மணி இருக்கும், 2.9 ஆம்பியர்-மணியை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் வருவது. 35 கிலோவாட்-மணிக்கு அப்படி சுமார் 3,350 செல்கள் வேண்டும். லாரி 50 கிலோவாட் இழுக்கும் கணத்தில் செல் ஒன்று கொடுப்பது 15 வாட், கிட்டத்தட்ட 4 ஆம்பியர்.

சுழற்சிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. யுடிடிஎஸ் என்பது நகர ஓட்டம். நின்று நின்று போகும், சராசரி வேகம் மணிக்கு சுமார் 31 கிலோமீட்டர். எச்டபிள்யூஃபெட் நெடுஞ்சாலை ஓட்டம், அதிகம் ஏற்ற இறக்கம் இல்லாதது. யுஎஸ்06 முரட்டு ஓட்டம்: பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மணிக்கு 129 கிலோமீட்டர் வரை போகும், வேகமெடுப்பதும் பிரேக் போடுவதும் கடுமை. எல்ஏ92 நகர ஓட்டம்தான், யுடிடிஎஸ்ஸைவிட வேகமானது. இவை தவிர, இவற்றின் துண்டுகளைக் கலைத்துப் போட்டுச் சேர்த்த நான்கு கலவைச் சுழற்சிகள். அப்புறம் நெட்வொர்க்குக்குப் பாடம் நடத்தவென்றே யுஎஸ்06, எல்ஏ92 ஆகியவற்றிலிருந்து எடுத்த பகுதிகளோடு கூடுதல் ஏற்ற இறக்கங்களைச் சேர்த்து ஒரு தனிச் சுழற்சி.

இந்தக் கலவைச் சுழற்சிகள் இருப்பது பெரிய விஷயம். கலவையில் கற்றுக்கொடுத்துவிட்டு, நெட்வொர்க் முழுதாகப் பார்த்திராத யுஎஸ்06 போன்ற ஓட்டத்தில் பரீட்சை வைக்கலாம். பிற்பாடு வந்த சில வேலைகளில் ஒரே ஓட்டத்தின் தரவைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணை மூடிக்கொண்டு பாதியைப் பயிற்சிக்கும் பாதியைப் பரீட்சைக்கும் வைக்கிறார்கள். பக்கத்து நொடியைப் பார்த்துவிட்டு இந்த நொடியைச் சொல்வதில் என்ன திறமை இருக்கிறது? அங்கே பிழை குறைவாக வருவதை நம்பக் கூடாது.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் செல்லைக் குளிரிலிருந்து எடுத்து, 22 டிகிரிக்கு மேல் வந்த பிறகே 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்தார்கள். குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயனிகள் ஆனோடுக்குள், அதாவது எதிர்முனைக்குள், நுழைய நேரம் கிடைக்காமல் அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடும். செல் கெட்டுவிடும். இதே காரணத்தால் குளிர் சோதனைகளில் பிரேக் போடும்போது திரும்ப ஏறும் கரண்ட்டையும் குறைத்து வைத்தார்கள். எல்லாச் சோதனையும் ஒரே செல்லில் நடப்பதால், நடுவில் அந்தச் செல் வயதாகிவிட்டால் வெப்பநிலையின் விளைவையும் வயதின் விளைவையும் பிரிக்க முடியாது. இந்த அக்கறைதான் இந்தத் தரவை இத்தனை வருடமும் உயிரோடு வைத்திருக்கிறது.

நெட்வொர்க் என்ன செய்கிறது

இரண்டு கட்டுரைகளில் ஒன்று சாதாரணமான ஆழ் நெட்வொர்க்கைப் பயன்படுத்தியது. அதற்கு நினைவாற்றல் கிடையாது, உள்ளே கொடுத்த எண்களை வைத்து அந்தக் கணத்துக்கான பதிலைச் சொல்லும். ஆனால் பேட்டரியின் வோல்டேஜ் சற்று முன்பு நடந்ததைப் பொறுத்தது. அதனால் இப்போதைய வோல்டேஜ், வெப்பநிலையோடு, முந்தைய பல அளவீடுகளின் சராசரி வோல்டேஜையும் சராசரி கரண்ட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எளிய யுக்தி, நன்றாக வேலை செய்தது. மைனஸ் 20 முதல் 25 டிகிரி வரையிலான தரவை எல்லாம் ஒரே நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தபோது, சராசரிப் பிழை 25 டிகிரியில் 1.10 சதவீதம், மைனஸ் 20 டிகிரியில் 2.17 சதவீதம்.

இன்னொன்று எல்எஸ்டிஎம். செப் ஹோக்ரைட்டரும் யூர்கன் ஷ்மிட்ஹூபரும் 1997-இல் முன்வைத்த அமைப்பு, மொழிபெயர்ப்பு, பேச்சை அடையாளம் காணல் போன்ற வேலைகளுக்குப் பெயர் பெற்றது. அதற்குள் ஒரு நினைவு இருக்கும். ஒவ்வொரு நொடியும் புது அளவீடு வரும்போது, பழையதில் எதை மறப்பது, புதியதில் எதைச் சேர்ப்பது, எதை வெளியே சொல்வது என்று அதன் கதவுகள் தீர்மானிக்கும். வோல்டேஜ், கரண்ட், வெப்பநிலை மூன்றை மட்டும் கொடுத்தால் போதும், சராசரிகளை நாமே கணக்கிட்டுத் தர வேண்டியதில்லை. நிலையான வெப்பநிலையில் இதன் சராசரிப் பிழை 0.573 சதவீதம் வரை இறங்கியது. வெப்பநிலை 10-இலிருந்து 25 டிகிரிக்கு ஏறிக்கொண்டே போகும் சோதனையில் 1.606 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், 35 கிலோவாட்-மணி பேட்டரியில் 1.606 சதவீதம் என்பது சுமார் 0.56 கிலோவாட்-மணி. லாரி கிலோமீட்டருக்கு 250 வாட்-மணி சாப்பிடுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டே கால் கிலோமீட்டர். ஓட்டுநர் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழைதான்.

ஆனால் இது சராசரி. ஓட்டத்தின் 90 சதவீத நேரம் அரை சதவீதப் பிழையும், கடைசி 10 சதவீத நேரம் 10 சதவீதப் பிழையும் உள்ள நெட்வொர்க் ஒன்றுக்குச் சராசரி 1.45 சதவீதம்தான் வரும். காகிதத்தில் அது நல்ல நெட்வொர்க். நள்ளிரவில் 8 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்த வண்டி பைபாஸில் நின்றுபோனவருக்கு அது நல்ல நெட்வொர்க் இல்லை. ஆகவே இப்படிப்பட்ட எந்த ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது 20 சதவீதத்துக்குக் கீழே உச்சப் பிழை எவ்வளவு என்பதைத்தான்.

உண்மை எண் எங்கிருந்து வந்தது

நெட்வொர்க் 61 சதவீதம் என்கிறது. சரியான விடை 60.4 என்று வைத்துக்கொண்டால் பிழை 0.6. சரி, அந்த 60.4-ஐ யார் சொன்னது?

கூலும் கவுண்டிங்தான் சொன்னது. கருவி சேர்த்துவைத்த ஆம்பியர்-மணிக் கணக்கை செல்லின் கொள்ளளவால் வகுத்து வந்த எண் அது. வண்டியில் நம்ப முடியாது என்று ஒதுக்கிய அதே முறை, சோதனைக்கூடத்தில் நல்ல கருவியோடு, முழு சார்ஜிலிருந்து தொடங்கி, விடைத்தாளாக அமர்ந்திருக்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பிழை உண்டு.

கருவியின் துல்லியம் முழு அளவில் 0.1 சதவீதம் என்று பார்த்தோம். 25 ஆம்பியரில் 0.1 சதவீதம் 25 மில்லிஆம்பியர். மிக மோசமான நிலையில் கருவி முழு நேரமும் ஒரே பக்கமாக 25 மில்லிஆம்பியர் பிசகியது என்றால், ஒரு மணி நேர ஓட்டத்தில் 25 மில்லிஆம்பியர்-மணி. 2,900-இல் அது 0.86 சதவீதம். யுடிடிஎஸ் போன்ற மெதுவான ஓட்டத்தில் செல் காலியாக இன்னும் அதிக நேரம் ஆகும், பிசகும் கூடும். உண்மையில் நன்றாகப் பராமரித்த கருவி இந்த உச்ச வரம்பைவிட வெகுவாகக் குறைவாகவே பிசகும், உள்ளே போன ஆம்பியர்-மணியையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடியும். ஆனாலும் விடைத்தாளின் சாத்தியமான பிழை நெட்வொர்க்கின் 0.573 சதவீதப் பிழையோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அதற்கப்புறம் இதே தரவில் 0.4, 0.3 என்று இறங்கியதாகச் சொல்லும் எவரும், தங்கள் நெட்வொர்க் செல்லைப் பற்றிக் கற்றதா, அந்தக் கருவியின் பழக்கத்தைக் கற்றதா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிட ஆழமான கேள்வி, எதால் வகுப்பது என்பது. 25 டிகிரியில் செல் 2.9 ஆம்பியர்-மணி தரும். மைனஸ் 20-இல் உள்தடை பல மடங்கு ஏறியிருக்கும், சுமை போட்டவுடன் வோல்டேஜ் 2.5-க்கு இறங்கிவிடும், சோதனை அங்கே நின்றுவிடும். செல்லுக்குள் சார்ஜ் இன்னும் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. 25 டிகிரிக் கொள்ளளவால் வகுத்தால் அந்தக் கணத்தில் எஸ்ஓசி பூஜ்ஜியமாக இருக்காது, கணிசமான எண் ஒன்று மிச்சமிருக்கும். அந்தந்த வெப்பநிலையின் கொள்ளளவால் வகுத்தால் பூஜ்ஜியம். முதல் வரையறை வேதியியலுக்கு நேர்மையானது. வண்டி நகராமல் நிற்கும்போது திரையில் எண் ஒன்று மிச்சம் காட்டுவதை ஓட்டுநர் ஏற்பாரா? இரண்டாவது வரையறை ஓட்டுநருக்கு நேர்மையானது, ஆனால் வெயில் ஏறினால் ஓட்டாமலேயே சார்ஜ் கூடியதுபோல் காட்டும். இரண்டில் ஒன்றை மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை நெட்வொர்க் கற்கும், அவ்வளவுதான்.

2020-இல் கோல்மேயரும் மெக்மாஸ்டரில் இருந்த அவருடைய சகாக்களும் 3 ஆம்பியர்-மணி எல்ஜி 18650எச்ஜி2 செல்லில் இன்னொரு தரவை வெளியிட்டார்கள். அதில் ஓட்டச் சுழற்சிகளை, அந்தந்த வெப்பநிலையில் செல் தரக்கூடிய கொள்ளளவில் 95 சதவீதம் தீரும் வரை ஓட்டினார்கள். ஒழுங்கான, திரும்பச் செய்யக்கூடிய வரையறை. அதே சமயம் கடைசி 5 சதவீதம் ஓட்டத் தரவில் இல்லாமல் போனது. வண்டி நிற்குமா நிற்காதா என்ற கேள்வி எழும் பகுதி அதுதான்.

சார்ஜ் வேறு, ஆற்றல் வேறு

வண்டியை நகர்த்துவது ஆம்பியர்-மணி இல்லை, வாட்-மணி. எஸ்ஓசி சொல்வது முதலாவதை.

அதே 2.9 ஆம்பியர்-மணி செல்லில் 50 சதவீதம் மிச்சம் என்றால் 1.45 ஆம்பியர்-மணி. வெதுவெதுப்பான நாளில் நிதானமாக ஓட்டி, மிச்சத்தைச் சராசரி 3.5 வோல்ட்டில் எடுத்தால் கிடைப்பது சுமார் 5.1 வாட்-மணி. குளிரிலோ, முரட்டுத்தனமாக ஓட்டியோ, சராசரி 3.1 வோல்ட்டில் எடுத்தால் 4.5 வாட்-மணி. சதவீதம் அதே 50. ஆற்றலில் சுமார் 11 சதவீதம் குறைவு. போதாக்குறைக்கு, இரண்டாவது நிலையில் செல் சீக்கிரமே 2.5 வோல்ட்டைத் தொட்டுவிடும், 1.45-ஐயும் முழுதாக எடுக்க முடியாது. எஸ்ஓசியை அரை சதவீதத் துல்லியத்தில் சொல்லும் நெட்வொர்க்கை வைத்துக்கொண்டும் மிச்ச தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் தப்பாகச் சொல்ல முடியும்.

மிச்ச ஆற்றல் என்பது செல்லின் இப்போதைய நிலையை மட்டும் பொறுத்ததில்லை, இனி அதை எப்படி இழுக்கப் போகிறோம் என்பதையும் பொறுத்தது. எஸ்ஓசி கடந்த காலத்தின் கணக்கு. மிச்ச ஆற்றல் எதிர்காலத்தைப் பற்றிய முன்கணிப்பு. ஆகவே அதற்கு இரண்டு வேலை: இப்போதைய நிலையைச் சொல்லும் நெட்வொர்க் ஒன்று, இனி வரும் சுமையையும் வெப்பநிலையையும் வைத்து வோல்டேஜ் எப்படி இறங்கும் என்று சொல்லும் மாதிரி ஒன்று. இரண்டாவதற்கு கால்மன் ஃபில்டர்காரர்கள் வைத்திருக்கும் அந்தச் சிறு சர்க்யூட் இன்றைக்கும் நல்ல கருவி என்பது என் கருத்து. நெட்வொர்க் வந்துவிட்டது என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், மேடிசன் தரவிலேயே இதற்கான விடைத்தாளும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் வோல்டேஜும் கரண்ட்டும் கடைசி வரை பதிவாகியிருக்கின்றன. எந்த நொடியை எடுத்தாலும் அதிலிருந்து ஓட்டத்தின் முடிவு வரை இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் அந்த நொடியில் உண்மையில் மிச்சமிருந்த வாட்-மணி கிடைத்துவிடும். கொள்ளளவு எது, எதால் வகுப்பது என்ற தகராறும் இங்கே எழாது. மாணவர்கள் எஸ்ஓசியையே திரும்பத் திரும்பச் செய்யாமல் இந்த எண்ணைக் கணிக்க முயன்றால் பயன் அதிகம்.

பனி உண்டு, வெயில் இல்லை

மேடிசனில் குளிர்காலம் கடுமை, ஹாமில்டனிலும் அப்படித்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு மைனஸ் 20 என்பது அன்றாடக் கவலை. தரவு அந்த ஊர்களின் தரவாகவே இருக்கிறது: ஐந்து வெப்பநிலைகளில் மிகச் சூடானது 25. எல்ஜி செல் தரவில் 40 டிகிரியையும் சேர்த்தார்கள், அது பெரிய உதவி.

நம் பக்கம் நிலைமை நேர்மாறு. ஏத்தர், டிவிஎஸ் இரண்டும் ஓசூரிலும், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்களைத் தயாரிக்கின்றன. அந்த வண்டிகள் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில் நிற்கும். நிழலில்லாத இடத்தில் பேட்டரிப் பெட்டி காற்றைவிடச் சூடாகும். 25 டிகிரியோடு பயிற்சி முடிந்த நெட்வொர்க்கை 45 டிகிரியில் கேட்டால் ஏதோ ஒரு பதிலைத் தயங்காமல் சொல்லும். தனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாததுதான் இவற்றின் ஆபத்தான குணம். கால்மன் ஃபில்டர் குறைந்தபட்சம் தன் கணக்கில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்று ஒரு எண்ணையும் சேர்த்துத் தரும்.

வயதும் இதே மாதிரிதான். ஒரே செல், அதுவும் புத்தம் புதிது. மூன்று வருடம் ஓடிய செல்லின் கொள்ளளவு குறைந்திருக்கும், உள்தடை கூடியிருக்கும், அதே வோல்டேஜுக்கு அர்த்தம் மாறியிருக்கும். ஒரே வகைச் செல்களுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டொயோட்டா ஆய்வு நிறுவனம் மூன்றும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 124 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்களை வெவ்வேறு வேகச் சார்ஜ் முறைகளில் ஓட்டினார்கள். சில 150 சுழற்சிகளில் முடிந்தன, சில 2,300 வரை போயின. அந்த ஆய்வு கணித்தது ஆயுளை, மிச்ச சார்ஜை இல்லை. ஆனால் ஒரு செல்லைப் பார்த்துவிட்டு எல்லாச் செல்லையும் தெரியும் என்று சொல்ல முடியாது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பேட்டரியில் தொடராக இணைத்த செல்களில் எது முதலில் காலியாகிறதோ அதோடு வண்டி நிற்கும்.

எல்எஃப்பி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேனசோனிக் செல் நிக்கல் கோபால்ட் அலுமினியம் வகை, சார்ஜ் குறையக் குறைய அதன் வோல்டேஜ் தெளிவாக இறங்கும், நெட்வொர்க்குக்குப் பிடி கிடைக்கும். டாடா நெக்ஸான் போன்ற வண்டிகளில் இருக்கும் எல்எஃப்பி செல்லில் ஏறத்தாழ 20 முதல் 80 சதவீதம் வரை வோல்டேஜ் தட்டையாகக் கிடக்கும், மிகக் கொஞ்சம்தான் நகரும். கூடவே, ஏறும்போது ஒரு வோல்டேஜ், இறங்கும்போது ஒரு வோல்டேஜ். எல்எஃப்பி பேட்டரி உள்ள கார்களை வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் சார்ஜ் செய்யுங்கள் என்று டெஸ்லா சொல்வதற்கு இதுவும் காரணம்: உச்சியில் வோல்டேஜ் தெளிவாகப் பேசும், அங்கே கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். 0.573 என்ற எண்ணை அப்படியே எடுத்து எல்எஃப்பி வண்டிக்கு எதிர்பார்க்கக் கூடாது.

இந்த ஆய்வின் அடுத்த பகுதியை நம் ஊரிலிருந்து எழுத முடியும். ஸ்கூட்டரில் போடும் செல்லில் இரண்டு வகை, ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குப் பதில் பத்து இருபது செல்கள். வெப்பநிலை 15, 25, 35, 45, 55. இருவர் ஏறிய ஸ்கூட்டர் கோயம்பேடு நெரிசலில் நகர்வதையும், ஊட்டி மலைப்பாதையில் ஏறி இறங்குவதையும் பதிவு செய்து, அதிலிருந்து செய்த ஓட்டச் சுழற்சி. குறிப்பிட்ட சுழற்சிகளுக்கு ஒருமுறை கொள்ளளவையும் உள்தடையையும் அளந்து, செல் வயதாகும் வரை தொடர்வது. எந்த ஓட்டத்தையும் 95 சதவீதத்தில் நிறுத்தாமல், வோல்டேஜ் கீழ் வரம்பைத் தொடும் வரை ஓட்டுவது. ஒவ்வொரு நொடிக்கும் எஸ்ஓசியோடு கூடவே மிச்ச வாட்-மணியையும் எழுதுவது. கருவியின் துல்லியத்தை முதல் பக்கத்திலேயே போடுவது. இதற்கான வெப்ப அறையும் சோதனைக் கருவியும் சென்னை ஐஐடி போன்ற இடங்களுக்குப் புதிதில்லை. செய்து முடித்த பிறகு, மேடிசன்காரர்கள் செய்ததுபோல, அதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுவது.